தாலாட்டின் இடது கால்

தாலாட்டு டிரைவரின் இடது கால் இருபத்தாறு வருடங்களாக யாரையும் கேட்டு வேலை செய்ததில்லை. சிக்னல் சிவப்பானால் கிளட்சை அமுக்கும், பச்சையானால் விடும். நடுவில் அவர் மனசு எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வரலாம். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் அமுக்கல். பக்கத்து வீட்டு டெய்லர் பேன்ட்டுக்கு அளவெடுக்கும்போது இடது கெண்டைக்கால் வலதைவிட ஒரு அங்குலம் பெருத்திருப்பதைப் பார்த்து நாடாவை இரண்டாவது தடவை சுற்றுவார்.

"ரெண்டு காலும் உங்களோடதுதானாண்ணே? ஒண்ணை எங்கயாவது மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

தாலாட்டு என்பது டெப்போ வைத்த பெயர். பன்னிரண்டாம் நம்பர் தடத்தில் அவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறியவர்கள் மூன்றாவது நிறுத்தத்துக்குள் தூங்கிவிடுவார்கள். வண்டி நின்றது தெரியாது, கிளம்பியது தெரியாது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போன ஒருவர் கோபத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார், 'டிரைவர் தேவைக்கு மேல் மென்மையாக ஓட்டுகிறார்' என்று. அவருடைய கண்டக்டர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான். கண்டக்டருக்குப் பெயர் விசில். டிக்கெட் பையை மறந்துவிட்டு வருவானே தவிர, பல்லிடுக்கில் விசில் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை.

உண்மையில் அந்தப் பெயர் வீட்டில்தான் தொடங்கியது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எந்த மடியிலும் தூங்க மாட்டாள். அழுது அழுது முகம் நீலம் பாரித்துவிடும். ஒரு நாள் மனைவி பொறுக்க முடியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள். இரண்டாவது நிறுத்தத்தில் குழந்தை தூங்கியது. கடைசி நிறுத்தம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். அதன்பிறகு ஒரு வருடம் அந்தப் பிள்ளையின் தூக்கமெல்லாம் பன்னிரண்டாம் நம்பரில்தான் நடந்தது.

அந்த மகளுக்கு இப்போது வயிற்றில் எட்டு மாதம் முடிந்துவிட்டது. கார் ஏறினால் குமட்டும், ஸ்கூட்டர் கூடவே கூடாது. மருத்துவமனை பன்னிரண்டாம் நம்பர் தடத்தில் ஒன்பதாவது நிறுத்தம். இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை அப்பாவின் பத்து நாற்பது பஸ்ஸில் ஏறுவாள், டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்கார்ந்து தூங்குவாள், விசில் எழுப்பிவிடுவான்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் புது பஸ்கள் வந்தன.

நாற்பது வண்டி. கிளட்ச் கிடையாது, கியர் தண்டு கிடையாது. தரையில் இரண்டே மிதி, ஆக்சிலரேட்டரும் பிரேக்கும். டிரைவர்களை ஒரு காலி மைதானத்துக்குக் கூட்டிப்போய் மூன்று நாள் பழக்கினார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் சிரித்த முகக்காரர்.

"ரொம்ப சுலபங்க. வலது கால் மட்டும் போதும். இடது காலை நாளையிலேர்ந்து வீட்டுலயே வச்சுட்டு வந்துருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மைதானத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அங்கே சிக்னல் இல்லை, கூட்டம் இல்லை, வேறு நினைப்புக்கு இடமில்லை. கண்ணும் கருத்துமாக ஓட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை தடத்தில் இறங்கிய தாலாட்டு முதல் இரண்டு நடை நன்றாகவே ஓட்டினார். மூன்றாவது நடையில் சந்தை முனை வந்தது. மகளின் கால் வீங்கியிருக்கிறது என்று மனைவி காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது. முன்னால் சிக்னல் சிவப்பாக மாறியது. அவர் கேட்காமலேயே இடது கால் எழுந்து, இருபத்தாறு வருட விசுவாசத்தோடு, கிளட்ச் இருந்த இடத்தைப் பார்த்து ஓங்கி மிதித்தது.

அங்கே கிளட்ச் இல்லை. அகலமான பிரேக் மிதியின் இடது ஓரம் இருந்தது. பிரேக்கை விரல் நுனியால் தடவுவதுபோல் தொட்டால் போதும். கிளட்சுக்கோ முழு பலம் வேண்டும். அந்த முழு பலமும் பிரேக்கில் இறங்கியது.

சுவரில் மோதியதைப் போல பஸ் நின்றது. பின் சீட்டில் இருந்த வெங்காயப் பை வாய் திறந்து, ஒவ்வொரு வெங்காயமாக டிரைவரைத் தேடி முன்னால் உருண்டு வந்தது. நின்றுகொண்டிருந்த ஒருவர் முன்னால் இருந்தவரின் வழுக்கைத் தலையில் முத்தம் கொடுத்துவிட்டு, அதை எப்படி விளக்குவது என்று தெரியாமல் நின்றார். ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டி கீச் என்று கத்தியது. வண்டியைத் திடீரென்று நிறுத்தினால் கத்துவதற்காகவே அதை வைத்திருந்தார்கள்.

ஏழு வருடமாக அவர் பஸ்ஸில் தூங்கிவரும் ஒரு அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு சொன்னாள்: "தாலாட்டுவாருன்னு நம்பி ஏறினா, இப்படித் தொட்டிலையே கவுத்துட்டீங்களே!"

பஸ் முழுக்கச் சிரித்தது. தாலாட்டும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அப்போதுதான் தனக்குப் பின்னால் இருந்த சீட் அவர் கண்ணில் பட்டது. அதில் யாரோ ஒருவர் வைத்திருந்த துணிக்கட்டு சீட்டிலிருந்து பறந்து, டிரைவருக்குப் பின்னால் இருக்கும் தடுப்புக் கம்பியில் அடித்து, மடங்கிக் கீழே கிடந்தது. மகள் உட்காரும் சீட்.

வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

*

செவ்வாய்க்கிழமை பெட்டி ஐந்து தடவை கத்தியது. ஐந்து தடவையும் ஒரே கதை. பயந்துகொண்டு ஓட்டினால் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டால் போதும், கால் கிளம்பிவிடும். இடது கை வேறு தன் பங்குக்கு இல்லாத கியரைத் தேடிக் காற்றைப் பிடித்துப் பிடித்துத் தள்ளியது. முன் படியில் நின்ற ஒருவர் தன்னைத்தான் உள்ளே வரச் சொல்கிறார் என்று நினைத்து இரண்டு தடவை உள்ளே வந்தார்.

வீட்டில் டிவி பார்க்கும்போதும் கால் தரையை மிதித்தது. சாப்பிடும்போது மேஜைக்கு அடியில் மனைவியின் காலை மிதித்தது.

"என்னங்க, என்ன கோபம்? குழம்புல உப்பு அதிகமா?"

"குழம்பு நல்லா இருக்கு."

"அப்புறம் ஏன் மிதிக்கிறீங்க?"

"சிக்னல்" என்றார்.

விசிலிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். விசில் யோசித்தான்.

"வியாழக்கிழமை லீவு போட்டுருங்கண்ணே."

"லீவு போட்டா பத்து நாப்பது வண்டியை யார்கிட்ட குடுப்பாங்க?"

விசில் டெப்போ பலகையைப் பார்த்துவிட்டு வந்தான். மாற்று டிரைவர் ராக்கெட். பழைய வண்டியிலேயே பயணிகளைக் கம்பியைக் கட்டிப்பிடிக்க வைத்தவர். புது வண்டியில் திங்கட்கிழமை அவர் பெட்டி பதினொரு தடவை கத்தியதாகப் பேச்சு.

"வேணாம். நீங்களே ஓட்டுங்க" என்றான் விசில். "கால்தானே பிரச்சினை? கட்டிப் போட்டுருவோம்."

புதன்கிழமை காலை விசில் தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, தாலாட்டின் இடது கணுக்காலைச் சீட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டினான். பிறகு ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டிக்கெட் கொடுத்தான். முதல் நடை பெட்டி கத்தவே இல்லை. இரண்டாவது நடையில் சந்தை முனையில் செக்கர் ஏறினார். கண்டக்டர் ஏன் நெளிகிறான் என்று பார்த்தார். பெல்ட் எங்கே என்று தேடினார். கண்டுபிடித்தார்.

"யோவ், என்னய்யா இது? டிரைவரைக் கட்டிப் போட்டு வண்டியைக் கடத்துறியா?"

"இல்ல சார், அவர் காலு..."

"அவர் காலு ஓடிப்போயிருமா?" செக்கர் சிரிக்கவில்லை. குனிந்து, தாலாட்டின் காதருகே மெதுவாகச் சொன்னார். "நாளைக்கு வண்டி தீப்பிடிச்சா எப்படி இறங்குவீங்க? நீங்க இறங்கலைன்னா உள்ள இருக்கிறவங்களை யார் இறக்குறது? அவுத்து விடுங்க."

அவிழ்த்துவிட்டார்கள். அதுவரை ஒரு பயம்தான் இருந்தது. இப்போது தீயும் சேர்ந்துகொண்டது.

அன்று மாலை மகளுக்குப் போன் செய்தார்.

"நாளைக்குக் கார் வச்சுப் போயிரேன்மா."

"கார்ல ஏறினா எனக்கு வாந்தி வரும்னு தெரியாதாப்பா?"

"புது வண்டிம்மா. இன்னும் கைக்கு அடங்கல."

"உங்களுக்கா? யார்கிட்ட கதை விடுறீங்க?" அவள் சிரித்தாள். "ராத்திரி பூரா இது உதைச்சுட்டே இருக்குப்பா. உங்க பஸ்ல ஒரு அரை மணி நேரம்தான் நான் நிம்மதியா தூங்குறது. அதையும் கெடுக்காதீங்க."

என் காலை நம்பாதே என்று ஒரு அப்பன் மகளிடம் எப்படிச் சொல்வான்? போனை வைத்துவிட்டுப் பார்த்தார். இடது கால் சமர்த்தாகச் செருப்புக்குள் இருந்தது, இந்த வீட்டில் எதுவுமே நடக்காததைப் போல.

*

வியாழக்கிழமை பத்து நாற்பது. மகள் ஏறினாள். விசில் அவளை வழக்கமான சீட்டில் உட்காரவைத்து, முன்னால் இருந்த தடுப்புக் கம்பிக்கு இரண்டு தலையணைகளைக் கயிறு போட்டுக் கட்டினான்.

"இது எதுக்கு அண்ணே?"

"புது வண்டிக்கு அலங்காரம்மா."

தாலாட்டு கிளம்பினார். வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே காலிடம் பேசத் தொடங்கினார். இரு. இரு. இரு. முதல் நிறுத்தம், வலது கால், மெதுவாக. இரு. இரண்டாவது. இரு. உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. மூன்றாவது நிறுத்தத்தில் கண்ணாடியில் பார்த்தார். மகள் தூங்கியிருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, இரண்டு கையும் வயிற்றின்மேல். கம்பியைப் பிடித்துக்கொள்ள ஒரு கைகூட மிச்சம் இல்லை.

சந்தை முனையில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்தது. இடது கால் எழுந்தது. வேறு யாருடைய காலோ எழுவதைப் பார்ப்பதுபோல் அவர் அதைப் பார்த்தார். முழங்கால் மடங்கியது, பாதம் அந்தரத்தில் நின்றது. இரு! வலது கால் முந்திக்கொண்டது. பஸ் நின்றது தெரியாமல் நின்றது. தள்ளுவண்டிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். இடது கால் யோசித்து யோசித்துக் கீழே இறங்கியது.

அதற்கப்புறம் அவர் உலகத்தில் அந்தக் கால் ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. இரு, இரு, இரு. சாலை நேராகப் போனது, அவரும் போனார். எங்கோ தூரத்தில் ஒரு விசில் ஊதிக்கொண்டிருந்தது. பாவம், யாரோ எதற்கோ ஊதுகிறார்கள் என்று நினைத்தார். பின்னாலிருந்து ஒரு குரல்:

"டிரைவர் சார், எங்களையெல்லாம் எங்க கூட்டிட்டுப் போறீங்க? உங்க வீட்டுக்கா?"

தோளில் ஒரு கை விழுந்தது. விசில் முகமெல்லாம் சிவந்து, ஊதி ஊதி மூச்சு வாங்கி நின்றான்.

"அண்ணே! ஆஸ்பத்திரியைத் தாண்டி ரெண்டு ஸ்டாப்பு வந்துட்டோம்ணே!"

வண்டியை ஓரமாக நிறுத்தினார். மெதுவாகத்தான் நிறுத்தினார், ஆனாலும் மகள் கண் விழித்தாள்.

"வந்துருச்சாப்பா?"

"தாண்டிருச்சும்மா."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். தலையணைகளைப் பார்த்தாள். எதிர்ப் பக்கம் போய்த் திரும்பும் பஸ்ஸில் ஏறிக்கொள்வதாகச் சொல்லி இறங்கினாள். விசில் சாலையைக் கடக்கவைத்து, வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, ஏற்றியும்விட்டான். பிறகுதான் அதை ஓட்டுவது யார் என்று இரண்டு பேரும் பார்த்தார்கள்.

ராக்கெட்.

பஸ் சீறிக் கிளம்பிப் போய்விட்டது. மகள் போன் செய்யும்வரை ஒரு மணி நேரம் தாலாட்டு எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது.

"பத்திரமா வந்து காட்டிட்டேன்பா. டாக்டர் எல்லாம் நல்லா இருக்குன்னாங்க."

"ராக்கெட் எப்படி ஓட்டினான்?"

"நல்லாத்தான் ஓட்டினார். ஆனா இடது காலைத் தூக்கி, சம்மணம் போட்ட மாதிரி சீட்டு மேல மடிச்சு வச்சிருந்தார்பா. ஏன்?"

*

பழக்கம் போகவும் ஒரு பழக்கம் வேண்டும். தாலாட்டு இரண்டு வாரம் 'இரு' சொன்னார். பெட்டி கத்துவது நாளுக்கு மூன்றாகி, ஒன்றாகி, நின்றுபோனது. மூக்குக் கண்ணாடி அம்மாள் மறுபடி தூங்கத் தொடங்கினாள். ஒரு செவ்வாய்க்கிழமை கடைசி நிறுத்தத்தில் இறங்கி நின்றபோது, அந்த நடை முழுக்கத் தான் ஒரு தடவைகூட 'இரு' சொல்லவில்லை என்பது அவருக்கு உறைத்தது. கால் தானாகவே சும்மா இருந்திருக்கிறது. விசிலுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் அவருக்கு விடுமுறை. மருமகன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்ததால் மகள் இங்கேதான் இருந்தாள். காலை பத்து மணிக்குச் சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு நின்று, "அம்மா" என்றாள். அந்த 'அம்மா' வேறு மாதிரி இருந்தது.

நாள் குறித்திருந்தது இன்னும் ஒன்பது நாள் கழித்து. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் வர நாற்பது நிமிடம் என்றார்கள். டெய்லர் தன் பழைய காரின் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து தாலாட்டின் கையில் திணித்தார்.

"நான் எப்பவாவது ஓட்டுறவன்ணே. நீங்க டிரைவர். நீங்களே எடுங்க."

மகளும் மனைவியும் பின் சீட்டில் ஏறினார்கள். தாலாட்டு உட்கார்ந்து சாவியைத் திருகினார். கார் ஒரு தாவு தாவி, டெய்லர் கடைப் பலகையை இடித்துத் தள்ளிவிட்டு, செத்தது.

தரையைப் பார்த்தார். மூன்று மிதி. டெய்லர் வண்டியைக் கியரிலேயே நிறுத்தியிருக்கிறார். கிளட்சை அமுக்கிக்கொண்டு சாவியைத் திருக வேண்டும், ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. இடது கால் சீட்டுக்கு அடியில் ஒதுங்கி, சொன்னபடி சும்மா இருந்தது.

இரண்டாவது தடவையும் அதே தாவல். பின்னால் மகள் வலியில் முனகினாள். காலின் வேலையைக் கால் மறந்துவிட்டது. இருபத்தாறு வருடம் செய்த வேலையை இரண்டே வாரத்தில் மறந்துவிட்டது. அவரே உட்கார்ந்து, மெனக்கெட்டு, மறக்கவைத்திருக்கிறார்.

"என்னங்க, உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா தெரியாதா?" என்று மனைவி கத்தினாள்.

"தெரியும். காலுக்குத்தான் தெரியல."

வாய்விட்டே சொன்னார்: "அமுக்கு." கால் வந்து அமுக்கியது. சாவி. இஞ்சின் பிடித்தது. "விடு. மெதுவா. மெதுவா விடு." கார் நகர்ந்தது. தெருமுனையில், "அமுக்கு." கியர். "விடு."

பின்னால் மனைவி மகளின் முதுகைத் தடவிக்கொண்டு, "மூச்சை இழு... விடு" என்றாள்.

முன்னால் இவர், "அமுக்கு... விடு" என்றார்.

"இழு... விடு."

"அமுக்கு... விடு."

சந்தை முனை சிக்னல் சிவப்பானது. பின்னால் மகள் ஒரு அலறு அலறினாள். அவர் மனசு ஒரு நொடி பின் சீட்டுக்குப் போய்விட்டது. வலது கால் பிரேக்கை மிதித்தது, இடது கால் பேசாமல் இருந்தது. கார் ஜுரம் வந்ததுபோல் உதறிக்கொண்டு நின்றுபோனது. சிக்னல் பச்சையானது. பின்னால் பத்து ஹாரன். பழைய நாளென்றால் அவர் தூக்கத்தில் கடந்திருக்கும் இடம். இப்போது ஒவ்வொரு நொடியையும் கையில் எடுத்துப் பார்த்துக் கடக்க வேண்டியிருந்தது.

"அப்பா." மகளின் குரல் பல்லிடுக்கிலிருந்து வந்தது. "தாலாட்டெல்லாம் வேணாம். குலுக்குங்க, பரவால்ல. நிறுத்தாம மட்டும் போங்க."

"அமுக்கு" என்றார். "விடு" என்றார். சொல்லிக்கொண்டே போனார். ஒன்பதாவது நிறுத்தம்வரை வாய் மூடவில்லை. இந்தத் தடவை ஆஸ்பத்திரியைத் தாண்டவில்லை.

ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். மகளை ஏற்றினார்கள். மனைவி கூடவே ஓடினாள். கதவு மூடிக்கொண்டது. காவலாளி ஜன்னலைத் தட்டினார்.

"ஐயா, இது ஆம்புலன்ஸ் நிக்கிற இடம். அந்த ஓரமா போட்டுருங்க."

"கொஞ்சம் இருங்க. யோசிச்சுத்தான் எடுக்கணும்."

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு?"

"எந்தக் கால்னு."

காவலாளி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சுவரோரமாகக் கை காட்டினார். அமுக்கு. விடு. அமுக்கு. சுவரோரம் வண்டி நின்றது. இறங்கி உள்ளே போக வேண்டும். இறங்க வேண்டுமென்றால் காலை எடுக்க வேண்டும். எடுத்தால் வண்டி தாவுமோ என்று இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று தெரியாத அந்த நேரத்தில், தன் பிடியில் இருந்த ஒரே காரியத்தைக் கைவிட அவருக்குத் தைரியம் வரவில்லை. அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தொடை நடுங்கியது. ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். யார் யாரோ வந்தார்கள், போனார்கள்.

ஐம்பது நிமிடம் கழித்து மனைவி வந்தாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். அந்த நடையை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியவில்லை. காரின் கதவைத் திறந்தாள். அழுதிருந்தாள்.

"பொண்ணு" என்றாள். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அவ உங்களைத்தான் கேட்கிறா. எவ்வளவு நேரமா தேடுறேன், இங்க என்ன பண்றீங்க?"

அவர் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார்.

"காலை எடுத்துரலாமா?"

மனைவி குனிந்து, அவரே திருகி அணைத்திருந்த சாவியைப் பார்த்தாள். கீழே மிதியைப் பார்த்தாள்.

"வண்டி எப்பவோ அணைஞ்சு கிடக்குதுங்க. எடுங்க."

எடுக்கப் பார்த்தார். கால் மரத்துப்போயிருந்தது, வரவில்லை. மனைவி இரண்டு கையாலும் அந்தப் பெருத்த கெண்டைக்காலைப் பிடித்துத் தூக்கி வெளியே வைத்தாள்.